வெறுங்கம்பி

குன்னூரில் பெட்போர்டுக்குச் சற்றுக் கீழே, பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் நான் நடத்திவரும் தேகப்பயிற்சிக் கூடத்துக்கு ஜனவரி மாதத்து முதல் வாரத்தில் வந்து சேரும் புதியவர்களின் தொகையையும், மார்ச்சு மாதத்து முதல் வாரத்தில் அவர்களில் எஞ்சி நிற்பவர்களின் தொகையையும் அருகருகே எழுதிப் பார்க்கும் துணிவு, தொழில் தொடங்கிய முதல் சில வருஷங்களில் எனக்கு இருந்ததில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டு வராமற்போகிற புண்ணியவான்களால்தான் நம் தொழில் நடக்கிறது என்று சமவெளியில் பெரிய ஜிம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அதில் உண்மை உண்டு. ஆனால் சிறிய மலையூரில் அந்த லாபம் கசக்கும் லாபம். பணம் கட்டி நின்றுபோன மனிதரை மார்க்கெட்டில் காரட் பொறுக்கும்போதும், பஸ் நிலையத்தில் கோத்தகிரி வண்டிக்குக் காத்திருக்கும்போதும் நான் எதிர்கொண்டாக வேண்டும். அவர் ஏதோ எனக்குக் கடன்பட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். உண்மையில் கடன்பட்டவன் நானே என்பது அவருக்கும் தெரியாமலிருக்காது.

நின்றவர்கள் சொல்லும் காரணங்கள் குளிர், மழை, வேலை, வீட்டில் விசேஷம். இவற்றை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன். எனினும் முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த வாசலில் நின்று பார்த்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் வேறு. பெரும்பாலோர் நின்றது குறைவாகச் செய்ததனால் அன்று. முதல் வாரத்திலேயே மிதமிஞ்சிச் செய்ததனால்தான். இந்தப் பாடத்தை நான் பிறரிடம் கற்கவில்லை; என் சொந்தத் தொடைகளிடம் கற்றேன்.

1986ஆம் வருஷம் எனக்குப் பத்தொன்பது வயது. வெல்லிங்டன் பட்டாள முகாமில் பலகாலம் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், தம் வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு வாலிபர்களுக்குத் தேகாப்பியாசம் கற்பித்து வந்தார். கட்டணம் என்று ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு ஒரு வேட்டி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அங்கே இருந்த சாமான்கள் நான்கு ஜோடி கரலாக்கட்டை, சிமெண்டு நிரப்பி உறையவிட்ட டின்கள், ஒரு லாரியின் அச்சு, எங்கிருந்தோ ஏலத்தில் எடுத்த உண்மையான இரும்புக் கம்பி ஒன்று, ஒரு பெஞ்சு. இவற்றோடு, தகரப் பெட்டியில் துணி சுற்றிப் பாதுகாத்த ஒரு புத்தகமும் இருந்தது: பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்திய பேராசிரியர் கே. வி. ஐயர் 1930இல் வெளியிட்ட ‘மஸில் கல்ட்’. இங்கிலீஷ் எங்களில் ஓரிருவருக்கே படிக்க வரும். படங்களை எல்லோரும் பார்த்தோம். தபால் மூலமாகவே தேகப்பயிற்சி கற்பித்த அந்த மனிதரின் உடம்பைக் கண்ணாரக் கண்ட இரவில் நான் தூங்கவில்லை.

முதல் நாள் ஹவில்தார் என்னை இருபது பஸ்கியும் ஐந்து தண்டாலும் போடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அது அவமானமாக இருந்தது. மறுநாள் அவர் கோயமுத்தூர் போயிருந்த சமயம் பார்த்து, என் வயதுடைய ஒருவனோடு பந்தயம் கட்டி இருநூறு பஸ்கி போட்டேன். அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் விறைப்பு. அதற்கும் அடுத்த நாள் காலையில் எங்கள் வீட்டிலிருந்து சாலைக்கு இறங்கும் அறுபத்திரண்டு கற்படிகளின் தலைப்பில் நின்றவன் முதற்படியில் காலை வைத்ததுமே கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குன்னூரில் படியில்லாத வாழ்க்கை இல்லை என்பதை இவ்வூரை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஏறுவது அன்றைக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை, இறங்குவதே நரகமாக இருந்தது. சுமையைத் தாங்கியபடியே தசை நீளும்போதுதான் அதன் நுண்ணிழைகளுக்கு அதிகச் சேதம் நேருகிறது என்பதும், வலி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து தானே தணியும் என்பதும், அதற்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று ஜிம்தோறும் சொல்லிவரும் கதை சரியன்று என்பதும் நான் வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த வித்தை என் உடம்புக்கு ஏற்றதில்லை என்ற முடிவுதான்.

வலி ஐந்து நாளில் போய்விட்டது. வெட்கம் போகவில்லை. கொட்டகைப் பக்கம் தலைகாட்டாமல் பத்து நாளைக் கழித்தேன். பதினோராம் நாள் ரேஷன் கடை வரிசையில் ஹவில்தார் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என்ன தம்பி, ஆளையே காணோம்?”

நான் எதையோ முணுமுணுத்தேன்.

“சரி. நாளைக்கு வா. ஒண்ணும் தூக்க வேணாம். கம்பியைத் தொடச்சு வெச்சிட்டுப் போ.”

துணியில் தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டு அந்தக் கம்பியைத் துடைப்பதே அடுத்த இரண்டு வாரத்துக்கு என் பிரதான அப்பியாசமாக இருந்தது. துடைத்து முடித்ததும் இருபது பஸ்கி, ஐந்து தண்டால், வீடு. இது ஏதோ பட்டாளத்துத் தண்டனை என்று எண்ணி வீட்டில் முறையிட்டபோது என் தகப்பனார் சிரித்தார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பறித்து வந்த பச்சைக் கொழுந்தை உடனே ரோலரில் போட்டால் அது சுருளாது, நொறுங்கும். வாட்டும் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ பொறுத்திருந்து, கையில் பிடித்தால் துணிபோல மடங்கும் பதம் வந்த பிறகே உருட்ட வேண்டும். மழைநாளில் பதம் வர நேரமாகும். வெயில்நாளில் சீக்கிரம் வரும். கடிகாரத்தைப் பார்த்து எடுப்பவனுக்கு அந்தத் தொழில் தெரியாது, கையைவிட்டு அளைந்து பார்த்து எடுப்பவனுக்கே தெரியும். “ஒங்க வாத்தியாரு ஒன்ன வாட்டுறாரு, அவ்ளோதான்” என்றார் அப்பா. தேகாப்பியாசத்தைப் பற்றி ஒன்றும் அறியாத அவர் சொன்ன அந்த வார்த்தையைக் காட்டிலும் நல்ல விளக்கத்தை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் இதுவரை படிக்கவில்லை.

ஹவில்தாரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. யார் எவ்வளவு தூக்கினார்கள் என்பது அதில் இராது. பெயர், பெயருக்கு நேரே வந்த நாளுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். முதல் வரியில் இருந்த பெயர் அவருடையது. அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் தினம் காலையில் நான்கு சுற்றுக் கரலாக்கட்டை சுழற்றிவிட்டுத் தம் பெயருக்கு நேரே தாமே கோடு போட்டுக்கொள்வதை ஒரு விளையாட்டாகவே அப்போது நான் நினைத்தேன். அவர் காலமான பிறகு, 1994இல், கொட்டகையிலிருந்த கம்பியையும் பெஞ்சையும் அவர் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நான் என் கூடத்தைத் தொடங்கியபோது நோட்டையும் தொடங்கினேன். முதல் வரியில் என் பெயரை எழுதினேன்.

இன்றைக்கு என்னிடம் வருகிறவன் கைப்பேசியோடு வருகிறான். எந்தத் தசைக்கு எந்தக் கிழமை என்பதை எனக்கு முன்பே படித்துவிட்டு வந்து, “மாஸ்டர், செஸ்ட் எப்ப?” என்று கேட்கிறான். அவன் கையில் நான் கொடுப்பது வெறுங்கம்பி. நியாயமான அளவுடைய கம்பி தட்டு ஏதும் இல்லாமலே இருபது கிலோ இருக்கும். பெண்களுக்கான கம்பி பதினைந்து. சிலருக்கு அதுவும் முதல் நாள் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரில் கைவைத்துத் தண்டால், இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக நடப்பது. முழுவதும் நாற்பது நிமிஷம். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. மூன்றாம் வாரத்தில் அவன் முகம் மலரும். முன்பு தடுமாறிய பாரம் இப்போது லேசாகிவிட்டது என்பான். தசை வளர்ந்துவிட்டது என்று கண்ணாடியில் தேடுவான். கண்ணாடியில் ஒன்றும் இராது. முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகளின் பலம்; உள்ள தசையை ஒருங்கே ஏவுவதற்கு உடம்பு பழகிக்கொள்கிறது; தசை பருப்பதற்கு மேலும் பல வாரமாகும். இதைச் சொன்னால் சிலர் உற்சாகமிழக்கிறார்கள். எனக்கோ இந்த விஷயத்தில் வியப்பு இன்னும் தீரவில்லை. இல்லாததை உண்டாக்குவதற்கு முன், இருப்பதைக் கூட்டிப் பெருக்கித் துடைத்து வைத்துக்கொள்கிறது சரீரம்.

அவசரக்காரர்களுக்கு நான் ஒரு விஷயத்தை மட்டும் பயமுறுத்தியே சொல்வதுண்டு. பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் வதைத்தால், சிதைந்த தசையின் சத்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். வலியோடும் வீக்கத்தோடும் சிறுநீர் தேயிலை டிகாஷன் நிறத்தில் போனால் அப்புறம் மாஸ்டரைத் தேடி வராதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்பேன். தேயிலை நாட்டில் இந்த உவமை யாருக்கும் மறப்பதில்லை.

இவ்விடத்துச் சீதோஷ்ணமும் ஒரு உபாத்தியாயர்தான். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர், கீழே மதுரையில் ஓடிய ஓட்டத்தை இங்கே ஓடப் பார்த்து முதல் வாரம் வாயால் மூச்சு வாங்குவார். தமக்கு இருதய நோய் வந்துவிட்டதோ என்று சந்தேகிப்பார். குளிரில் தாகம் தெரியாதாகையால் தண்ணீர் குடிக்க மறப்பார். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில், குறிப்பாகத் தலைக்குந்தாப் பக்கம், புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையில் எங்கள் குன்னூரிலும் இரும்பைத் தொட்டால் கை சுடுகிறது என்றே சொல்லத் தோன்றும். அந்தக் குளிரில் பத்து நிமிஷமாவது கைகால்களை அசைத்துச் சூடாக்கிக்கொள்ளாமல் பாரத்தைத் தொடுகிறவனை நான் தொட விடுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு மேகம் சன்னலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் துடைத்த கம்பியில் மாலையில் துருவின் செம்மை படரும். ஹவில்தார் என்னை ஏன் துடைக்கச் சொன்னார் என்பதற்கு இத்தனை காரணங்கள் இருந்தன: கம்பிக்குத் துரு போகும், கைக்குச் சூடு வரும், வாலிபனுக்கு வந்ததற்கு ஒரு வேலை இருக்கும்.

ஊட்டிக்கு அப்பால் முத்தநாடு மந்தில் தோடர்கள் மொற்பர்த் பண்டிகையின்போது வழவழப்பான உருண்டைக் கல்லொன்றைத் தூக்குவதை ஒருமுறை பார்த்தேன். பூத்துக்குளிச் சால்வையை இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு வாலிபனாக வந்து குனிகிறான். விரல் மாட்டப் பிடியில்லாத கல். மடிக்கு வந்து தோளுக்குப் போகிறது, அல்லது போகாமல் உருண்டு விடுகிறது. நம் ஊர்களில் இளவட்டக்கல் என்று சொல்வதும் இதன் உறவுதான். அங்கே நின்றபோது என் தொழிலின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. அந்தக் கல் இந்த வருஷம் என்ன எடையோ அடுத்த வருஷமும் அதே எடை. முடிந்தவன் ஆண்பிள்ளை, முடியாதவன் மறுவருஷம் வரட்டும் என்பதே அதன் தீர்ப்பு. ஜிம் என்று ஒன்று தோன்றிச் செய்த பெரிய உபகாரம் அந்தக் கல்லைத் துண்டு போட்டதுதான். ஒன்றேகால் கிலோத் தட்டு என்று ஒன்று உண்டு. அதைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள், கம்பிக்கு இருபுறமும் அதை மாட்டி இரண்டரைக் கிலோவாக ஏற்றிக்கொண்டே போனால் ஒரு வருஷத்தில் எங்கே கொண்டுபோய் விடும் என்று கணக்குப் பாராதவர்கள்.

பழக்கம் படிய இருபத்தொரு நாள் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ரணவைத்தியர், முகத்தைச் சீரமைத்துக்கொண்ட நோயாளிகள் தங்கள் புதுமுகத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ எங்கோ வழியில் விழுந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்து ஆராய்ந்ததில் ஒரு காரியம் தன்னியல்பாகப் படியச் சராசரி 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியதால் பெரிய நஷ்டமில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். இந்தக் கடைசிச் செய்தியை நான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மண்சரிவினால் பாதை அடைபட்ட நாளும், தங்கையைப் பெண்பார்க்க வந்த நாளும் போகட்டும். அதற்கு அடுத்த நாள் வராமலிருப்பதுதான் ஆளை விழுங்குகிறது.

சில வருஷங்களுக்கு முன் அறுபத்தொரு வயது அம்மாள் ஒருவர் என் படியேறி வந்தார். 1964ஆம் வருஷத்துச் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்குத் தொடையைப் பலப்படுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்ல, நர்ஸாக இருக்கும் மகள் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“இலைச் சாக்க மேட்டுல ஏத்துறதுக்கு எங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க. இங்க நாம குடுக்கணுமாக்கும்?”

எனக்குப் பதில் தோன்றவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கையை ஊன்றாமல் எழச் சொன்னேன். நாற்பது வருஷம் சரிவில் மூட்டை சுமந்த அந்த உடம்புக்கு அது இரண்டு முறைக்கு மேல் இயலவில்லை. உழைப்பே பயிற்சிதானே என்று மேடையில் பேசுவோரின் வாதத்துக்கு எதிராக நான் பிற்பாடு சொல்லிவந்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் கற்றது. உழைப்பில் அளவை வைப்பவர் மேஸ்திரி. முழங்கால் நோகிறது என்பதற்காகச் சாக்கு லேசாவதில்லை, நேற்றைய களைப்பு ஆறட்டும் என்று இன்றைக்கு விடுமுறை கிடைப்பதில்லை. பயிற்சியில் அளவு நம் கையில் இருக்கிறது; ஓய்வு அதன் பாதி. அவர் வாழ்நாளில் அளவு அவர் கைக்கு வந்தது அப்போதுதான். ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு நான் கற்பிக்க ஒன்றுமில்லை. தொழிற்சாலைச் சங்குக்கு எழுந்து பழகிய மனுஷி, ஆறரை மணி என்றால் ஆறு இருபதுக்கு வாசலில் நிற்பார். கம்பியைத் துடைப்பதை அவர் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. எட்டு மாதத்தில் வெறுங்கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தார். அக்கா என்று நான் அழைக்கத் தொடங்கியிருந்தேன். அவர் என்னை மாஸ்டர் என்பதை விடவில்லை.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் கூடங்களை எல்லாம் மூடினார்கள். எனக்கு வயது ஐம்பத்துமூன்று. சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. வீட்டிலிருந்து கூடம் பத்து நிமிஷ நடை. உள்ளே தனியாகப் போய்ப் பயிற்சி செய்துகொள்ள என்னைத் தடுப்பார் யாருமில்லை. முதல் வாரம் போனேன். இரண்டாம் வாரம் ஒரு நாள். பிறகு போகவில்லை. முப்பத்து நான்கு வருஷத்துப் பழக்கம், எலும்போடு ஊறிவிட்டது என்று நான் பிறரிடம் பெருமையடித்த பழக்கம், மூன்றே வாரத்தில் கழன்று விழுந்ததை இன்றும் நம்ப முடியவில்லை. பொழுது போகாமல் மாலைதோறும் தேநீரில் வர்க்கியைத் தோய்த்துத் தின்றதில் இடுப்பில் பெல்ட்டு இரண்டு துளை தள்ளிப்போயிற்று. யோசித்துப் பார்த்ததில், நான் பழகியிருந்தது பாரத்துக்கு அன்று. காலையில் ஷட்டரைத் தூக்குகிற சப்தத்துக்கு, படியில் யாரோ ஏறி வரும் காலடிக்கு, நோட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு. அவை போனதும் இதுவும் போயிற்று. ஆகஸ்டு மாதம் மீண்டும் திறக்க அனுமதி வந்தது. திறந்தேன், கற்பித்தேன், முகக்கவசத்துக்குள்ளிருந்து எண்ணினேன். ஆனால் நானாக ஒரு தட்டையும் தொடவில்லை. முன்பு தூக்கிய எடையை இனித் தூக்க முடியாது என்பது தெரியும். குறைந்த எடையை என் மாணாக்கர் முன்னிலையில் தூக்க மனம் வரவில்லை. ஆயிரம் பேருக்கு நான் சொல்லிவந்த வைத்தியம் எனக்கே குமட்டியது.

கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்த வருஷக் கடைசியில், நல்ல மழையில் ஒரு காலை, ஆறு இருபதுக்கு அக்கா வந்தார். கரண்டு இல்லை. வேறு யாரும் வந்திருக்கவில்லை. தம் கோட்டைத் தாமே போட்டுக்கொள்ள நோட்டைத் திறந்தவர், சன்னல் வெளிச்சத்தில் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“என்ன மாஸ்டர், ஒங்க வரியில ஒண்ணுமே காணலியே?”

நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எண்ணெய்த் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். துடைத்தேன், கம்பி முழுவதும் மேகத்தின் ஈரம். பின்பு அதை நிலையில் வைத்து, அடியில் புகுந்து, தோளில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். நான்காவதிலேயே தொடை நடுங்கியது. ஆறாவதற்கு மூச்சை இழுத்தபோது அக்கா கையைக் காட்டினார்.

“அஞ்சு போதும். நாளன்னிக்கும் வரணும்ல.”

கம்பியை நிலையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் நோட்டின்மேல் குனிந்து என் பெயருக்கு நேரே கோடு போட்டுக்கொண்டிருந்தார். சம்பள நாளில் கையெழுத்துப் போடுவதற்கே பேனாவைப் பிடித்துப் பழகிய கை. அவர் அழுத்திய அழுத்தத்தில் அடுத்த இரண்டு பக்கத்திலும் அந்தக் கோடு பதிந்திருந்தது.